முதல் நான்கு வாரம்: வகுப்பில் ஒழுங்கும் உறவும் அமைய ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜூனில் பள்ளி திறந்ததும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஸ்டாஃப் ரூமில் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "முதல் ஒரு மாசம் சிரிச்சுடாதீங்க, அப்புறம் தலைமேல ஏறி உட்கார்ந்துடுவாங்க." நல்ல மனதோடு சொல்வதுதான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது, முதல் மாதம் முக்கியம். ஆனால் நீங்கள் சிரித்ததற்காக எந்தப் பிள்ளையும் தலைமேல் ஏறுவதில்லை. நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டுச் செய்யாமல் விடும்போதுதான், அதுவும் ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று முறை விடும்போதுதான், இவர் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியமில்லை என்று முடிவு செய்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் நான் சொல்லப் போவதெல்லாம் ஒரே விஷயத்தின் கிளைகள்: கொஞ்சமாகச் சொல்லுங்கள், சொன்ன அத்தனையையும் தினமும் நடத்திக் காட்டுங்கள், அதற்குள் ஒவ்வொரு பிள்ளையையும் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள்.

நான் மனதில் வைத்து எழுதுவது தமிழ்நாட்டில் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் ஆறு முதல் பத்து வரை உள்ள வகுப்புகளை, அதாவது ஒரு அறையில் நாற்பது பேர், நாற்பது நிமிட பீரியட், நடுவில் ஈமிஸ் (மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் அரசுத் தளம்) வேலை என்று ஓடும் இடத்தை. குறிப்பாக ஆறாம் வகுப்பு. நாலைந்து தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள், ஒருவரை ஒருவர் தெரியாது, நேற்றுவரை ஒரே டீச்சர், இன்று பாடத்துக்கு ஒருவர். அந்தக் குழப்பத்தை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள் என்பதில் அவர்களுடைய அந்த வருடமே அடங்கியிருக்கிறது.

பள்ளி திறக்கும் முன்

முதலில் பெயர்ப் பட்டியலை வாங்கி, சத்தமாக வாசித்துப் பாருங்கள். தடுக்கும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையிடமே கேட்டுச் சரியாகச் சொல்லுங்கள். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பது சாதாரணம். அவர்களை இனிஷியலோடு கூப்பிடுவதா, முழுப் பெயரால் கூப்பிடுவதா என்று நீங்களே முன்கூட்டி முடிவு செய்யாவிட்டால், வகுப்பு முடிவு செய்துவிடும்: கறுப்பு கார்த்தி, குட்டை கார்த்தி, குண்டு கார்த்தி. அப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் பத்தாம் வகுப்புவரை போகாது.

போன வருட ஆசிரியரிடம் பேசுங்கள், ஆனால் கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள். யாருக்குக் கண் சரியாகத் தெரியாது, யாருக்குக் காது மந்தம், யாருக்கு வலிப்பு மாதிரி உடல் சிக்கல் இருக்கிறது, யார் வாசிக்கத் தடுமாறுகிறார், சமீபத்தில் யார் வீட்டில் சாவு நடந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தேவை. "யாரு வாலு, யாரு மக்கு" என்ற கேள்வி தேவையில்லை. அவர்களாகச் சொல்ல ஆரம்பித்தாலும் பேச்சை மாற்றிவிடுங்கள். 1968-இல் ராபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சவுத் சான் பிரான்சிஸ்கோ என்ற ஊரின் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய சில பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, "இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள்" என்று மட்டும் சொன்னார்கள். வருட முடிவில் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அதன் அளவு பற்றிப் பிற்பாடு நிறைய விவாதம் நடந்தது, அது வேறு கதை. ஆனால் நாம் ஒரு பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கிறோமோ அது நம் முகத்திலும் குரலிலும் தெரிந்துவிடும் என்பது வகுப்பில் நின்ற எவருக்கும் தெரியும். ஆகவே வாலு, மக்கு என்ற பட்டத்தை ஜூனிலேயே காதில் வாங்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று, ஆளில்லாத வகுப்பறைக்கு ஒருநாள் போய், போர்டில் ஒரு வரி எழுதிவிட்டு, கடைசி பெஞ்சிலும் நான்கு மூலையிலும் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் போர்டில் அடித்து எந்த இடத்திலிருந்து எழுத்து தெரியாது, எந்த ஃபேன் சத்தத்தில் குரல் கேட்காது, எந்த பெஞ்சு ஆடுகிறது என்பது அப்போதுதான் புரியும். அந்த மூலையில் உட்கார்ந்திருப்பவன் கவனிக்கவில்லை என்று ஆகஸ்டில் திட்டுவதைவிட, மேயில் அந்த பெஞ்சை நகர்த்துவது சுலபம்.

முதல் நாள்

மணி அடிக்கும் முன்பே வாசலில் நில்லுங்கள். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வணக்கம், "உன் பேரு என்னம்மா?", "வாப்பா, எங்க வேணும்னாலும் உட்காரு, இடம் அப்புறம் பார்த்துக்கலாம்." இதற்கு மூன்று நிமிடம் ஆகும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க அவர்கள் எழுந்து நின்று "வணக்கம் ஐயா" என்று ராகம் போடுவதைவிட இந்த மூன்று நிமிடத்தில் நிறைய நடக்கிறது. யார் கண்ணைப் பார்க்கிறார்கள், யார் யாரோடு ஒட்டிக்கொண்டு வருகிறார்கள், யார் தனியாக வருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

உள்ளே உட்கார்ந்ததும் செய்ய ஒரு வேலை போர்டில் தயாராக இருக்கட்டும். நான் சிபாரிசு செய்வது ஒரு தாளில் ஐந்து கேள்விகள்:

உன்னை எப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்கும்?
பள்ளிக்கு எப்படி வருகிறாய், எவ்வளவு நேரம் ஆகிறது?
இந்தப் பாடத்தில் எது கஷ்டமாக இருக்கிறது?
வகுப்பில் யாராவது என்ன செய்தால் உனக்குச் சங்கடமாக இருக்கும்?
எனக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்று நினைக்கும் விஷயம் ஏதாவது உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று வாயால் சொல்லிவிடுங்கள். ஆறாம் வகுப்பில் சிலரால் இதை எழுத முடியாது. அவர்களைச் சுட்டிக்காட்டாமல், "எழுதலாம், வரையலாம், இல்லை என்கிட்ட வந்து சொல்லலாம்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். இந்தத் தாள்களை அன்று இரவே படித்துவிடுங்கள். இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் இரண்டு பஸ் மாறி வருகிறவள் யார், விடிகாலையில் அம்மாவோடு பூக்கட்டிவிட்டு வருகிறவள் யார், தம்பியைக் கொண்டுபோய் அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறவன் யார் என்பது அதில்தான் வரும். ஜூலையில் "ஏன்டா லேட்டு?" என்று கேட்கும் முன் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு, பழக்கத்தில் வாயில் வந்துவிடும். "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" அப்பா இறந்தவர், விட்டுப்போனவர், ஜெயிலில் இருப்பவர், குடித்துவிட்டு வேலைக்கே போகாதவர் எல்லோருடைய பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள், தன் முறை வரும்வரை அவர்கள் வயிறு என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். "போன வருஷம் என்ன ரேங்க்?" வேண்டாம். "இங்கிலீஷ் மீடியத்திலேர்ந்து வந்தவங்க கை தூக்குங்க" வேண்டாம். எந்த ஊர், எந்தத் தெரு என்ற கேள்வியையும் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். நம் ஊரில் தெருப் பெயரே சாதியைச் சொல்லிவிடும்.

அப்புறம், முதல் நாளே பாடம் எடுங்கள். முழு பீரியடும் விதிகள் பற்றிப் பேசினால், அன்றைக்கு அப்படிப் பேசும் ஏழாவது ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் கையால் செய்யக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். கணக்கு வகுப்பு என்றால், நோட்டுத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, இதை எத்தனை முறை பாதி பாதியாக மடிக்கலாம் என்று கேளுங்கள். இருபது, ஐம்பது, நூறு என்று கத்துவார்கள். மடித்துப் பார்த்தால் ஆறு, ஏழிலேயே நின்றுவிடும். ஏழு மடிப்பில் எத்தனை அடுக்கு? 2, 4, 8 என்று போர்டில் போய்க்கொண்டே 128-இல் நிற்கும்போது, அடுக்குப் பெருக்கம் என்ற பாடம் பெயர் சொல்லாமலே வந்துவிட்டது. நன்றாகப் படிப்பவனுக்கும் படிக்காதவனுக்கும் அந்தத் தாள் ஒரே இடத்தில்தான் நின்றது. அந்தச் சமத்துவம் முதல் நாள் வேண்டும். வீட்டுக்குப் போய் "இன்னிக்கு கணக்கு டீச்சர் பேப்பர் மடிக்கச் சொன்னாங்க" என்று சொல்ல ஒரு விஷயமும் கிடைத்தது.

விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுவது

இதை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நான்கு பேராகப் பிரித்து ஒரு கேள்வி: "வகுப்புல என்ன நடந்தா உங்களால படிக்க முடியாம போகுது? யார் பேரும் எழுதக் கூடாது, நடக்கறதை மட்டும் எழுதுங்க."

முதலில் என்ன எழுதுவார்கள் தெரியுமா? "பேசக் கூடாது. ஓடக் கூடாது. சண்டை போடக் கூடாது." நீங்கள் கேட்க விரும்புவது இதுதான் என்று நினைத்து எழுதுவது. அதை வாங்கிக்கொண்டு அவசரமாக போர்டில் ஏற்றிவிடாதீர்கள். "பேசினா என்ன ஆகுது?" என்று கேளுங்கள். "கேக்காது டீச்சர்." "அப்ப எப்பவுமே பேசக் கூடாதா?" "இல்ல, நீங்க சொல்லும்போது, வேற யாராவது பதில் சொல்லும்போது." இப்போது விதி கிடைத்துவிட்டது: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம். இப்படிப் பேசிக்கொண்டே போனால், கொஞ்ச நேரத்தில் எங்கேயாவது ஒரு குழுவிலிருந்து மெதுவாக ஒன்று வரும்: "தப்பா சொன்னா சிரிக்கிறாங்க." அது வந்ததும் நின்று, அதற்கு நேரம் கொடுங்கள். என் அனுபவத்தில் ஒரு வகுப்பின் முதுகெலும்பே இந்த ஒரு விதிதான். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்றால் பாதிப் பேர் வருடம் முழுக்க வாயைத் திறக்க மாட்டார்கள், அப்புறம் நீங்கள் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அது பத்துப் பேருக்கான பாடம்தான்.

நான்கு விதிக்கு மேல் வேண்டாம். உதாரணத்துக்கு:

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்.
யார் தப்பாகச் சொன்னாலும் சிரிக்க மாட்டோம்.
பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், பட்டப்பெயரோ உடம்பையோ சாதியையோ வைத்து அல்ல.
மணி அடித்ததும் நோட்டும் பேனாவும் மேசைமேல் இருக்கும்.

"மரியாதையாக நடந்துகொள்வோம்" என்று எழுதினால் அதற்கு ஒவ்வொருவரும் ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வார்கள், நீங்களும் கோபம் வந்த நாளில் ஒன்று, வராத நாளில் ஒன்று என்று வைத்துக்கொள்வீர்கள். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக விதி இருக்க வேண்டும். நோட்டு மேசைமேல் இருக்கிறது, அல்லது இல்லை. அதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

பக்கத்திலேயே உங்கள் பக்க வாக்குறுதிகளையும் எழுதுங்கள். அடிக்க மாட்டேன். கேவலமாகப் பேச மாட்டேன். வாங்கிய நோட்டை மூன்று நாளில் திருத்தித் தருவேன். மணி அடித்ததும் விடுவேன், அடுத்த பீரியடைத் தின்ன மாட்டேன். பிடி பீரியடைக் கேட்டு வாங்க மாட்டேன். (இந்தக் கடைசி வரிக்கு வகுப்பே கைதட்டும், ஆனால் எழுதினால் காப்பாற்ற வேண்டும், சிலபஸ் முடியாத ஜனவரியிலும்.) பிள்ளைகள் கையெழுத்திலேயே சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள். கடையில் வாங்கிய அச்சடித்த சார்ட்டை யாரும் படிப்பதில்லை.

தினசரிப் பழக்கங்கள்: சொன்னால் போதாது, பழக்க வேண்டும்

நடத்தை பற்றிய புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் பழக்கப்படுத்தாததால் வரும் குழப்பங்கள். நோட்டு வாங்கும்போது நாற்பது பேரும் மேசைக்கு ஓடி வருகிறார்கள் என்றால் அவர்கள் அடங்காதவர்கள் என்று அர்த்தமில்லை, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து கைமாற்றி முன்னால் வரட்டும், முதல் பெஞ்சு அடுக்கி வைக்கட்டும் என்று சொல்லி, இரண்டு முறை சும்மாவே செய்து பாருங்கள். வேலை முடித்தவர் என்ன செய்ய வேண்டும், பேனா இல்லாவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும், லேட்டாக வந்தால் எப்படி உள்ளே வருவது, இவையும் அப்படித்தான். லேட்டாக வருகிறவர் பாடத்தை நிறுத்தாமல் ஓசைப்படாமல் வந்து உட்காரட்டும். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அமைதிக்கு ஒரு சைகை வேண்டும். டஸ்டரால் மேசையைத் தட்டுவது, "சைலன்ஸ்!" என்று கத்துவது எல்லாம் சத்தத்தின்மேல் இன்னொரு சத்தம். கையை உயர்த்தி நில்லுங்கள், பார்த்தவர் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல்கூட ஆகும், அந்த நிமிடம் உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரியும். இருந்தாலும் கடைசி ஆள் அமைதியாகும்வரை பேச ஆரம்பிக்காதீர்கள். முக்கால்வாசி அமைதியில் ஒருமுறை ஆரம்பித்துவிட்டால், முக்கால்வாசி அமைதி போதும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள்.

பாத்ரூம் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகக் கேட்டு, நீங்கள் "இப்பத்தானே இன்டர்வெல் முடிஞ்சுது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அந்தப் பெண் பிள்ளை குனிந்துகொண்டு உட்காருவது எத்தனையோ வகுப்புகளில் நடக்கிறது. ஆறாம் ஏழாம் வகுப்பில்தான் பலருக்கு மாதவிடாய் தொடங்குகிறது. கேட்கவே வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: கதவருகே ஒரு அட்டை தொங்கட்டும், அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து மாட்ட வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர். நாப்கின் பள்ளியில் எங்கே, யாரிடம் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆண் ஆசிரியராக இருந்தால் ஒரு பெண் ஆசிரியரை அழைத்து வந்து சொல்லச் சொல்லலாம்.

அப்புறம் லீடர். நீங்கள் இல்லாத நேரத்தில் பேசியவர்கள் பெயரை போர்டில் எழுதும் லீடர் முறையைக் கைவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுத்து மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறோம். நண்பன் பெயர் விடுபடும், பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் விழும், மாலையில் பஸ் ஸ்டாப்பில் சண்டை நடக்கும். அதற்குப் பதில் வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள்: போர்டு துடைப்பவர், நோட்டு விநியோகிப்பவர், ஜன்னல் ஃபேன் பார்ப்பவர், வராதவருக்குப் பாடக் குறிப்பு எடுத்து வைப்பவர். வாரம் ஒருமுறை வேலை மாறட்டும், எல்லோருக்கும் வரட்டும். பெருக்குவது பெண்களுக்கு, பெஞ்சு தூக்குவது பையன்களுக்கு என்று பிரிக்காதீர்கள். கழிவறையைச் சுத்தம் செய்ய எந்தப் பிள்ளையையும் எப்போதும் அனுப்பக் கூடாது.

யார் எங்கே உட்காருவது

இது நம் ஊரில் மேசை நாற்காலி விஷயம் மட்டுமில்லை. பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் தெருவாரியாக, சாதிவாரியாக உட்கார்ந்துவிடும் வகுப்புகள் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களுக்குத் தடை வேண்டும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்ற பரிந்துரைகள் இருந்தன. அரசாணைக்காகக் காத்திருக்காமல் உங்கள் வகுப்பில் நீங்கள் இன்றே செய்யக்கூடியவை இவை.

முதல் வாரம் அகர வரிசை. "இது பெயர் வரிசைதான், யாரையும் பார்த்து வைக்கலை" என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது, உங்களுக்கும் பெயர் மனப்பாடமாகும். கண், காது, உயரம் பார்த்துத் தேவையானவர்களை மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரிசையைச் சுழற்றுங்கள், கடைசி பெஞ்சு யாருக்கும் நிரந்தர முகவரி ஆகக் கூடாது. நன்றாகப் படிப்பவர்கள் முன்னால், படிக்காதவர்கள் பின்னால் என்ற அடுக்குமுறை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கையில் கயிறு கட்டி வருபவரை எல்லோர் முன்னாலும் அறுக்கச் சொல்லி வம்பு வளர்க்காமல், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், தலைமையாசிரியருக்கும் சொல்லிவையுங்கள். பல நேரம் கட்டிவிட்டது வீட்டிலோ ஊரிலோ உள்ள பெரியவர்களாக இருக்கும், பையனை மட்டும் குற்றவாளியாக்கிப் பயனில்லை.

பிள்ளைகளோடு பழகுவது

பத்து நாளில் எல்லோர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது பெயர் பெரிய விஷயமே இல்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நீங்களே பெயர் சொல்லி நடந்து கொடுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வாடா, போடி என்று கூப்பிடுவது அன்பா, அவமரியாதையா என்பது ஊரையும் குரலையும் பொறுத்தது. ஒருசில ஆசிரியர்கள் "வாடா தம்பி" என்றால் பையன் முகம் மலரும். ஆனால் முதல் மாதம், உங்களை அவர்களுக்குத் தெரியாத நேரத்தில், பெயரையோ வாம்மா, வாப்பாவையோ வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒருவரை "வாப்பா" என்றும் இன்னொருவரை "டேய்" என்றும் கூப்பிட்டால் அந்த வித்தியாசத்தை முதல் நாளே பிடித்துவிடுவார்கள்.

தினம் இரண்டு மூன்று பிள்ளைகளோடு ஆளுக்கு இரண்டு நிமிடம் பாடம் தவிர வேறு ஏதாவது பேசுங்கள். சத்துணவு வரிசையில், கேட் பக்கத்தில், மணி அடித்த பிறகு. "சாப்பிட்டியா?" என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது, நம் ஊரில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு சக்தி. யாருடன் பேசினீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் தானாக வந்து பேசும் ஆறு பேரோடே வருடம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பீர்கள். மூன்றாம் வாரம் அந்த நோட்டைப் பார்த்தால் டிக் விழாத பெயர்கள் தெரியும். அவர்கள்தான் தொந்தரவும் செய்யாமல், பதிலும் சொல்லாமல், கண்ணில் படாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள். அடுத்த வாரம் அவர்களுக்கானது.

திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர்ப் பள்ளிகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். தமிழ் பேசத் தெரிந்திருந்தும் எழுத வராதவர்கள் உண்டு. அந்தப் பிள்ளையிடம் அவர்கள் மொழியில் "வணக்கம்", "தண்ணீர்", "நன்றாக இருக்கிறது" மூன்றையும் கேட்டு, வகுப்பு முழுக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியாதவராக நின்ற பிள்ளை ஐந்து நிமிடம் சொல்லித்தருபவராக மாறிவிடும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் பழகுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள் என்று 1970-களில் எழுதினார். அதையே மூன்று விநாடிக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். செலவே இல்லாத மாற்றம் இது. கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள், கை தூக்கிக் குதிக்கும் முதல் பெஞ்சைப் பார்க்காமல்.

பழகுவது என்றால் நண்பராகிவிடுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்த வாட்சப்பில் மாணவர்களோடு தனித்தனியாகப் பேசுவது, இன்ஸ்டாகிராமில் ஃபாலோ செய்வது எல்லாம் வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றும் வாக்கு கொடுக்காதீர்கள். நம்பிக்கை வந்த பிறகு ஒரு பிள்ளை பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், 2012 போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைப்பது குற்றம். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல, உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் நான் சொல்லணும்" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417 இரண்டும் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

விதி மீறப்படும் நாள்

வரும். பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், தயக்கம் தெளிந்த பிறகு. அந்த நாளில் நீங்கள் செய்வதை வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு காட்சி. பாடம் நடக்கிறது, ஒரு பெண் தப்பாகப் பதில் சொல்கிறாள், மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு. பாடத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சத்தம் போடாமல், சுவரில் இருக்கும் சார்ட்டைக் காட்டி, "ரெண்டாவது விதி" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் திரும்பி, "நீ சொன்னதுல முதல் பாதி சரிம்மா, அங்கேர்ந்து போவோம்" என்று பாடத்தைத் தொடருங்கள். நடந்துகொண்டே அந்தப் பையன் பக்கத்தில் போய், மேசைமேல் குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "மணி அடிச்சதும் ஒரு நிமிஷம் இரு." அவன், "நான் இல்ல டீச்சர், அவன்தான்" என்பான். "சரி, அப்ப பேசுவோம்." வாக்குவாதம் அங்கே முடிய வேண்டும்.

மணி அடித்ததும் நீங்கள் மறக்கக் கூடாது. இதுதான் மொத்த வழிகாட்டியின் மையம். மறந்தால், நீங்கள் சொன்னது வெறும் பேச்சு. கூப்பிட்டு, "என்ன நடந்துச்சு?" "சும்மா சிரிப்பு வந்துடுச்சு." "அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பான். "நாளைக்கு என்ன செய்யப் போற?" அவன் சொல்லும் பதில் நியாயமாக இருந்தால் ஒத்துக்கொண்டு, தோளில் தட்டி அனுப்புங்கள். மறுநாள் வாசலில் அவனுக்கும் அதே வணக்கம். நேற்றைய கணக்கு இன்றைக்கு வரக் கூடாது.

இப்படியே படிப்படியாகப் போங்கள்: முதலில் பார்வை, பிறகு பக்கத்தில் போய் நிற்பது, மெதுவாகப் பெயர், பீரியட் முடிந்து பேச்சு, இடமாற்றம், கடைசியில் வீட்டுக்குப் போன். முதல் படியிலேயே ஹெச்எம் அறைக்கு அனுப்பினால், அதற்கு மேல் உங்களிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும்.

அடி, முட்டி போடச் சொல்வது, பெஞ்சு மேல் ஏற்றுவது, தோப்புக்கரணம், வெயிலில் நிறுத்துவது, ஒரு ரூபாய் அபராதம், "நீயெல்லாம் எதுக்குப் படிக்க வர்ற" என்ற வார்த்தை, எதுவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம். அடிக்குப் பயந்து அமைதியாக இருக்கும் வகுப்பு, நீங்கள் லீவு போட்ட நாளில் எப்படி இருக்கிறது என்று பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் செய்ததற்கு வகுப்பு முழுக்க நிற்க வைப்பதும் அப்படியே. ஒழுங்காக இருந்த முப்பத்தெட்டுப் பேருக்கு, ஒழுங்காக இருந்து பயனில்லை என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

வீட்டோடு முதல் பேச்சு

பள்ளியிலிருந்து போன் வந்தாலே ஏதோ பிரச்சினை என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். அதனால் மூன்றாம் வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போகட்டும், குறிப்பாகப் பின்னால் புகார் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றும் வீடுகளுக்கு. "உங்க பையன் இன்னிக்கு புதுசா வந்த பையனுக்குத் தன் நோட்டைக் குடுத்து உதவினான், சொல்லணும்னு தோணுச்சு." அரை நிமிடப் பேச்சு. உண்மையாக நடந்ததை மட்டும் சொல்லுங்கள், பொத்தாம்பொதுவாக "நல்ல பையன்" என்றால் அவர்களுக்கே நம்பிக்கை வராது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகலில் போன் எடுக்க முடியாது, மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களை நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, உங்கள் நான்கு விதிகளையும் உங்கள் வாக்குறுதிகளையும் வாசித்துக் காட்டுங்கள். "நல்லா அடிச்சு வளர்த்துங்க சார், கண்ணை மட்டும் விட்டுருங்க" என்று இன்னும் சொல்கிற பெற்றோர் உண்டு. அன்போடு, ஆனால் தெளிவாக, "அடிக்காமலே பார்த்துக்கறேன்மா, நீங்க தினமும் அனுப்பி வைங்க, அது போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

நான்கு வாரம் முடிந்த பிறகு

ஜூலையில் ஒருநாள் பிள்ளைகளிடம் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் போடாமல் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: எந்த விதி நடக்கிறது, எது நடக்கவில்லை? உங்கள் வாக்குறுதிகளையும் சேர்த்துக் கேளுங்கள். "நோட்டு திருத்தித் தர லேட்டாகுது" என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் அதை வகுப்பில் வாசித்து, எப்போது தருவீர்கள் என்று தேதி சொல்லி, அந்தத் தேதியில் கொடுங்கள். நடக்காத விதியை எடுத்துவிட்டு வேறு வார்த்தையில் எழுதலாம், சார்ட் ஒன்றும் சாசனம் இல்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது பாதி மறந்திருக்கும், அது இயல்பு. அன்றைக்கு மறுபடி வாசலில் நில்லுங்கள், கையை உயர்த்தி அமைதியாவதை இரண்டு முறை பழக்குங்கள், நோட்டு கைமாற்றிக் கொடுப்பதை ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். இந்த முறை முழு பீரியட் ஆகாது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை இருந்தால், விதிகளைச் சொல்லித்தரும் வேலையை நீங்கள் செய்யாமல் வகுப்பில் இன்னொரு பிள்ளையிடம் கொடுங்கள், முக்கியமாக ஜூனில் அந்த விதிகளை அதிகம் மீறிய பிள்ளையிடம்.